ஒரு பட்ஜெட் ரிசீவரோடு குடித்தனம்

டிவியின் சத்தத்தை வாங்கி, பிரித்து, பெருக்கி, ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கிற பெட்டிதான் ஏவி ரிசீவர். விலை குறைந்த பட்ஜெட் ரிசீவரின் அட்டைப்பெட்டியில் '135 வாட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே, கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டிய அளவில், '6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், ஒரு சேனல், 10 சதவீதம் டிஸ்டார்ஷன்' என்கிற மாதிரி இன்னொரு வரி இருக்கும். ஐந்து ஸ்பீக்கரில் ஒன்றை மட்டும் ஓடவிட்டு, அதிலும் ஒரே ஒரு சுருதியை மட்டும் கொடுத்து, சத்தம் கிழியும்வரை முறுக்கினால் வருகிற கணக்கு அது. மேனுவலைத் திறந்தால் அதே ரிசீவர் இரண்டு சேனலில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, டிஸ்டார்ஷன் 0.1 சதவீதத்துக்கும் கீழே, 70 வாட்ஸ் என்று இறங்கி வரும். ஐந்தும் சேர்ந்து ஓடினால் எவ்வளவு என்று பெரும்பாலும் சொல்லவே மாட்டார்கள். ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஐந்து பேருக்கும் பங்கு போக வேண்டும். 70-க்கும் நன்றாகக் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பி.எம்.பி.ஓ. (கண நேர உச்சத்தை ஊதிக் காட்டும் கணக்கு) 5000 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டிய செட்டுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் அதிர்ச்சியடைய ஒன்றும் இல்லை.

எங்கள் வீட்டில் ரிசீவருக்கு முன்னால் இருந்ததும் அசெம்பிள் செட்தான். மெக்கானிக் ஒருவர் போர்டு வாங்கி, 5200-1943 டிரான்சிஸ்டர் ஜோடி போட்டு, தகரப் பெட்டியில் அடைத்து, முன்பக்கம் நீல எல்.இ.டி. பளபளக்கக் கட்டிக் கொடுத்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். குத்துப்பாட்டுக்கு அது கொடுத்த பேஸை இந்த ரிசீவர் இன்றுவரை கொடுத்ததில்லை. அதன் பின்னால் ஆறு ஆர்.சி.ஏ. இன்புட் இருந்தன, டிவிடி பிளேயரிலிருந்து ஆறு ஒயர் போகும், 5.1 (ஐந்து ஸ்பீக்கர், பேஸுக்கு ஒரு சப்வூஃபர்) வரும். டிவிடி பிளேயர் பரணுக்குப் போய், படம் எல்லாம் ஓடிடியில் என்று ஆனபோது அந்த ஆறு ஓட்டைக்கும் வேலை இல்லாமல் போனது. ஸ்மார்ட் டிவியில் ஆறு ஒயர் அவுட்புட் கிடையாது. டால்பி டிஜிட்டல் என்று ஒன்றாகச் சுருக்கி வரும் ஆறு சேனலைப் பிரித்துக் கொடுக்க டிகோடர் வேண்டும். இப்போது அசெம்பிள் செட்டிலும் சீனத்து டிகோடர் போர்டு வைத்துத் தருகிறார்கள். அந்த வழியில் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். நான் 30,000 ரூபாயை ஒட்டி ஒரு 5.1 ரிசீவர் எடுத்தேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. இந்த விலையில் எல்லாருடையதும் ஏறக்குறைய ஒரே சரக்குதான்.

வாட்ஸுக்கு இன்னொரு முறை வருகிறேன். ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி 88 டெசிபல் என்று போட்டிருந்தால், ஏறக்குறைய ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 88 டெசிபல் சத்தம் வரும் என்று அர்த்தம். 10 வாட்ஸுக்கு 98. அதற்குமேல் ஹாலில் யாரும் யாரோடும் பேச முடியாது. வாட்ஸை இரட்டிப்பாக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். 70 வாட்ஸ் மாடலை விட்டு 100 வாட்ஸ் மாடலுக்குப் பத்தாயிரம் கூடக் கொடுத்தால் கிடைப்பது ஒன்றரை டெசிபல், அதைக் காது கண்டுபிடிப்பதே கஷ்டம். அந்தப் பத்தாயிரத்தை, வசனம் வருகிற சென்டர் ஸ்பீக்கரில் போட்டால் முதல் நாளே தெரியும்.

கவனிக்க வேண்டியது ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை; அது குறைந்தால் ரிசீவருக்குச் சுமை கூடும்). பழைய ரெடிமேட் ஹோம் தியேட்டரின் குட்டி ஸ்பீக்கர்கள் வீட்டில் சும்மாதானே கிடக்கின்றன என்று எடுத்து மாட்டுகிறவர்கள் உண்டு. அவற்றில் பல 3 ஓம், 4 ஓம். பட்ஜெட் ரிசீவர்கள் பெரும்பாலும் 6 ஓமுக்குக் குறையாத ஸ்பீக்கரைக் கேட்கும். மெகா சீரியல் வரைக்கும் ஒன்றும் ஆகாது. சண்டைக் காட்சி வந்ததும் ரிசீவர் சூடேறி, புரொடெக்ட் மோடுக்குப் போய் அணைந்து உட்கார்ந்துகொள்ளும். ஸ்பீக்கரின் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

ஒயர் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போயிருந்தேன். கடைக்காரர் எடுத்துப் போட்ட சுருள் பளபளவென்று இருந்தது, விலையும் சகாயம். "இது காப்பர்தானேண்ணே?" என்று கேட்டேன். "காப்பர் கலர் சார்" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். நேர்மையான மனிதர். அவரிடமே பிளேடு வாங்கி ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயர். அதற்கு மின்தடையும் அதிகம், டெர்மினலில் இரண்டு முறை வளைத்தால் இழை ஒடிந்தும் போகும். சுரண்டினாலும் சிவப்பாகவே இருக்கும் 16 கேஜ் ஒயர் சாதாரண ஹாலுக்குப் போதும். பின்னால் இருக்கும் சரவுண்டுக்கு நீளம் கூடினால் 14 கேஜ் (எண் குறைந்தால் ஒயர் தடிமன்). தங்க முலாம், ஆக்சிஜன் இல்லாத செம்பு என்று மீட்டர் ஆயிரக்கணக்கில் சொல்கிற கேபிள்களைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பல பட்ஜெட் மாடல்களில் முன் ஸ்பீக்கர் இரண்டுக்கு மட்டும்தான் திருகு டெர்மினல் இருக்கும். மற்றதெல்லாம் அழுத்தினால் வாய் திறக்கும் ஸ்பிரிங் கிளிப். பொங்கலுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் டிவி ஸ்டாண்டை நகர்த்தியதில் சென்டர் ஒயரின் ஓர் இழை வெளியே வந்து பக்கத்துக் கிளிப்பைத் தொட்டுவிட்டது. ரிசீவர் ஆன் ஆகும், இரண்டு விநாடியில் அணைந்துவிடும். ஆம்ப் போய்விட்டது என்றுதான் வீட்டில் எல்லாரும் முடிவு கட்டினார்கள். அந்த மாதிரி நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எல்லா ஸ்பீக்கர் ஒயரையும் கழற்றுங்கள். வெறும் ரிசீவரை ஆன் செய்யுங்கள். நின்று ஓடினால் ரிசீவர் நலம். அப்புறம் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டு, மாட்டிப் பார்த்தால் எந்த ஒயர் என்று தெரிந்துவிடும். சர்வீஸ் ஆளைக் கூப்பிடும் முன் இதைச் செய்தால் வருகைக் கட்டணம் மிச்சம்.

அடுத்து, டிஸ்பிளே. ரிசீவரின் முகத்தில் மினுக்கும் எழுத்துகளை யாரும் படிப்பதில்லை. என் சித்தப்பா வீட்டில் ரிசீவர் வாங்கிச் சில மாதம் கழித்துப் போனேன். "பின்னாடி ஸ்பீக்கர்லயும் எப்படிப் பேசுது பாருடா, டால்பி" என்றார். பேசியது உண்மைதான், கதாநாயகன் முன்னாலும் பின்னாலும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார். டிஸ்பிளேயில் 'பி.சி.எம்.' என்று இருந்தது. டிவியின் சவுண்ட் மெனுவில் டிஜிட்டல் அவுட்புட் பி.சி.எம்.மில் நின்றிருந்தது. அப்படி இருந்தால் டிவி எல்லாவற்றையும் ஸ்டீரியோவாக்கித்தான் அனுப்பும். ரிசீவர் அந்த இரண்டு சேனலையும் ஐந்து ஸ்பீக்கருக்கும் நகல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதை 'ஆட்டோ' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'பாஸ்த்ரூ' என்று மாற்ற வேண்டும் (டிவிக்கு டிவி பெயர் வேறு). மாற்றியதும் டிஸ்பிளேயில் டால்பி என்று வந்தது. மழைக் காட்சி ஒன்றைப் போட்டோம். சித்தப்பா சோபாவில் திரும்பிப் பின்னால் பார்த்தார்.

படம் 5.1-இல் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். ஓடிடியில் பல தமிழ்ப் படங்களுக்கு 5.1 இருக்கிறது, சிலவற்றுக்கு வெறும் ஸ்டீரியோதான். யூடியூபில் பெரும்பாலும் ஸ்டீரியோ. அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் சத்தம் தரும் டால்பி வகை) என்று போட்டிருக்கிறதே, என் ரிசீவரில் அட்மாஸ் இல்லையே என்று கவலை வேண்டாம். ஓடிடி அட்மாஸ் டால்பி டிஜிட்டல் பிளஸுக்குள் வருகிறது, அட்மாஸ் தெரியாத ரிசீவர் அதிலிருந்து சாதாரண 5.1-ஐ எடுத்துக்கொள்ளும். பழைய கறுப்பு வெள்ளைப் படப் பாடல்கள் மோனோ. இரண்டு சேனலை ஐந்தாக விரிக்கும் புரோலாஜிக் மாதிரி மோடில் போட்டால் மொத்தப் பாட்டும் சென்டர் ஸ்பீக்கருக்குள் போய் ஒடுங்கிவிடும். அதற்கு ஸ்டீரியோ மோடு போதும்.

டிவியிலிருந்து ரிசீவருக்கு சத்தம் வர ஏ.ஆர்.சி. என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. போர்ட்டில் மாட்ட வேண்டும். எல்லா போர்ட்டிலும் வராது. பல ரிசீவர்களில் எச்.டி.எம்.ஐ. கன்ட்ரோல் (டிவியும் ரிசீவரும் ஒன்றையொன்று இயக்கும் வசதி) ஆன் ஆகியிருந்தால்தான் ஏ.ஆர்.சி. வேலை செய்யும். அந்தக் கன்ட்ரோலுக்கு டிவிக்காரர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள்: சோனியில் பிராவியா சிங்க், சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க். எல்லாம் ஒன்றுதான்.

மைக் வைத்து செட் பண்ணும் வேலைக்குத்தான் ரிசீவருக்குக் காசு கொடுக்கிறோம் என்பேன். யமஹாவில் ஒய்.பி.ஏ.ஓ., டெனானில் ஆடிசி என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று. ஸ்பீக்கர் ஒவ்வொன்றிலும் ஒரு 'ஷ்ஷ்' அல்லது 'விய்ங்' சத்தம் கொடுத்து, தூரத்தையும் அளவையும் அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். மிக மலிவான சில மாடல்களில் மைக்கே வராது, வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். மைக்கைச் சோபாவின் மேல் படுக்க வைக்கக் கூடாது. உட்கார்ந்தால் காது வரும் உயரத்துக்கு, மொபைல் டிரைபாடில் நிறுத்துவது நல்லது. மின்விசிறியை அணைக்க வேண்டும். வெளிநாட்டு மேனுவலில் 'அமைதியான அறை' என்று மட்டும்தான் இருக்கும். நம் வீட்டில் அமைதிக்கு எதிரி தலைக்கு மேலே சுற்றுவது. ஃபேன் ஓடினால் 'நாய்ஸ்' என்று எர்ரர் காட்டி நிறுத்தும், அல்லது நிறுத்தாமல் தப்பாக அளக்கும். பகலில் குக்கர் விசில், கோலமாவு வண்டி, தண்ணீர் லாரி. இரவு பதினொன்றுக்கு மேல் வியர்த்துக்கொண்டே செய்தால் ஒழுங்காக வரும்.

மைக் சொன்னதை அப்படியே விட்டுவிடாமல் மெனுவுக்குள் போய் ஒரு முறை பாருங்கள். முன் ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்று வைத்திருந்தால் 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை (பேஸ் சப்வூஃபருக்குப் பிரிந்து போகும் எல்லை) 80 ஹெர்ட்ஸுக்கு வையுங்கள். ஸ்பீக்கர் பார்க்கப் பெரியதாக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 80-க்குக் கீழே உள்ள கனமான வேலையை சொந்தமாக ஆம்ப் உள்ள சப்வூஃபர் எடுத்துக்கொண்டால், ரிசீவரின் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் மூச்சு வாங்காது. பட்ஜெட் ரிசீவரை நல்ல ரிசீவராக மாற்றுகிற ஒரே செட்டிங் என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். இன்னொன்று: சப்வூஃபர் ஆறடியில் இருக்கும், மெனுவில் பத்தடி என்று காட்டும். தப்பு என்று திருத்தப் போகாதீர்கள். சப்வூஃபருக்குள் இருக்கும் ஃபில்டர் ஏற்படுத்தும் தாமதத்தையும் சேர்த்து மைக் அப்படிக் கணக்கிடுகிறது.

'வசனம் கேட்கல, பாட்டு வந்தா காது கிழியுது.' ஹோம் தியேட்டர் வைத்த வீடுகளில் இதைச் சொல்லாத ஆள் கிடையாது. எங்கள் வீட்டிலும் ரிமோட் கையை விட்டு இறங்காமல் இருந்தது. காரணம் பாதி படத்தில், பாதி வீட்டில். சென்டர் ஸ்பீக்கரை டிவி ஸ்டாண்டின் தட்டுக்குள் ஓர் அடி உள்ளே தள்ளி வைத்திருந்தால் வசனம் அந்தப் பொந்துக்குள்ளேயே முட்டி மோதிக் கூழாகிறது. விளிம்புவரை முன்னால் இழுத்து, அடியில் ரப்பர் துண்டு கொடுத்து, முகம் நம் காதைப் பார்க்கும்படி லேசாகத் தூக்கினாலே பாதி குறை தீரும். மீதிக்கு சென்டர் லெவலை இரண்டு டெசிபல் ஏற்றலாம். இரவில் டைனமிக் ரேஞ்ச் கம்ப்ரஷனை, சில ரிசீவரில் 'நைட் மோடு', போட்டால் வெடிச்சத்தம் அடங்கி வசனம் மேலே வரும். தரையில் விட்ரிஃபைட் டைல்ஸ், நான்கு பக்கமும் வெறும் சுவர் என்றால் எந்த செட்டிங்கும் முழுசாகக் கைகொடுக்காது. எங்கள் ஹாலில் ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே பவானி ஜமக்காளம் விரித்தோம், ஜன்னலுக்குக் கனமான திரை போட்டோம். ரிசீவருக்குச் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. வித்தியாசம் அம்மாவுக்கே தெரிந்தது. சீரியல் வால்யூமை அவரே குறைத்துக்கொண்டார்.

சப்வூஃபரை மூலையில் வைத்தால் பேஸ் பொங்கும், கீழ் வீட்டு மாமி மேலே வருவார். 14 அடி நீள ஹாலில் 40 ஹெர்ட்ஸை ஒட்டிய சுருதி அறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு ஓர் இடத்தில் கும்மென்று அதிரும், இன்னோர் இடத்தில் காணாமல் போகும். சப்வூஃபரை நீங்கள் உட்காரும் சோபாவில் தூக்கி வைத்து, பேஸ் உள்ள பாட்டைப் போட்டுவிட்டு, தரையில் தவழ்ந்துபோய் எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே அதைக் கொண்டு வையுங்கள். வீட்டில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

இனி, பட்ஜெட் ரிசீவரின் உண்மையான பலவீனத்துக்கு வருவோம். ஆம்ப் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. எச்.டி.எம்.ஐ. போர்டுதான் போகிறது. சென்னையில் ஐப்பசி மாத இடி எப்படி விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு ராத்திரி அப்படி இடித்தது. ரிசீவரின் பிளக்கைப் பிடுங்கித்தான் வைத்திருந்தோம். ஆனால் மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து வரும் கேபிள் செட்டாப் பாக்ஸில் அப்படியே இருந்தது. டிஷ், செட்டாப் பாக்ஸ், எச்.டி.எம்.ஐ., ரிசீவர் என்று வழி திறந்திருந்தால் பிளக்கைப் பிடுங்கி என்ன பயன்? காலையில் செட்டாப் பாக்ஸ் செத்துக் கிடந்தது. ரிசீவர் ஆன் ஆனது, எஃப்.எம். பாடியது, புளூடூத் பாடியது. எச்.டி.எம்.ஐ. எந்த போர்ட்டில் மாட்டினாலும் படமும் இல்லை, சத்தமும் இல்லை.

சர்வீஸ் சென்டரில் போர்டை மாற்ற ரிசீவர் விலையில் பாதியை நெருங்கிய ஒரு தொகை சொன்னார்கள், அதுவும் வருவதற்கு எத்தனை வாரம் ஆகும் என்று சொல்ல முடியாது என்றார்கள். மாற்றவில்லை. செட்டாப் பாக்ஸ், ஓடிடி ஸ்டிக் எல்லாவற்றையும் டிவியிலேயே மாட்டி, டிவியின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து ஒரே ஒரு மெல்லிய கேபிளை ரிசீவருக்குக் கொடுத்தேன். ஆப்டிகலில் டால்பி டிஜிட்டல் 5.1 வரும், டால்பி டிஜிட்டல் பிளஸ் வராது. ஆனால் பெரும்பாலான டிவிகள் பிளஸைச் சாதாரண டால்பி டிஜிட்டலாக மாற்றிக் கொடுத்துவிடும். புளூரே டிஸ்கில் இருக்கும் டால்பி ட்ரூஎச்டி போன்ற இழப்பில்லாத சவுண்ட் போச்சு. புளூரே பார்க்காத எனக்கு அது நஷ்டமில்லை. ஓடிடி படங்களில் பழையதற்கும் இதற்கும் காதில் ஒரு வித்தியாசமும் எனக்குப் படவில்லை. டிவி ரிமோட்டில் வால்யூம் மாற்ற முடியாது என்பதுதான் ஒரே தொந்தரவு. இன்னொரு நன்மையும் கிடைத்தது. ஆப்டிகலில் போவது வெறும் வெளிச்சம், அந்த வழியாக மின்சாரம் ஏறாது. இப்போது யாராவது கேட்டால், எச்.டி.எம்.ஐ. நன்றாக இருக்கும்போதே ஆப்டிகலில் ஓட்டிப் பாருங்கள், போதும் என்று பட்டால் அப்படியே விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன். இடி இடித்தால் டிஷ் கேபிளையும் கையால் திருகிக் கழற்றுங்கள். ஸ்பைக் பஸ்டர் இருக்கிறதே என்று தெம்பாக உட்கார்ந்திருக்க வேண்டாம்.

கேபிள் டிவி ஒயர் வேறு ஒரு தொல்லையும் தரும். ஸ்பீக்கரில் இடைவிடாமல் 'ம்ம்ம்' என்ற ஹம் வந்தால், செட்டாப் பாக்ஸிலிருந்து அந்த ஒயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் சுற்றுதான் (இரண்டு இடத்தில் எர்த் ஆகி நடுவில் கரண்ட் சுற்றுவது) காரணம். டிவி, பாக்ஸ், ரிசீவர், சப்வூஃபர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் கொடுத்தால் பல சமயம் சரியாகும், இல்லையென்றால் கேபிள் ஒயருக்கு ஐசொலேட்டர் (அந்த எர்த் தொடர்பைத் துண்டிக்கும் சின்னக் கருவி) போடலாம். ஹம் போகிறதென்று பிளக்கின் எர்த் பின்னை உடைக்கிற எலக்ட்ரீஷியனை மட்டும் உள்ளே விடாதீர்கள். கரண்ட் போனபோது மட்டும் ஹம் வந்தால் குற்றவாளி இன்வர்ட்டர். ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரில் ரிசீவரை ஓட்டாமல் இருப்பதே நல்லது.

சூட்டைப் பற்றிச் சுருக்கமாக. ரிசீவரின் மேல்பக்கம் சுடும், சுட வேண்டும். அதன் மேல் செட்டாப் பாக்ஸ் வைப்பது, தூசிக்குப் பயந்து துணி போர்த்துவது, கண்ணாடிக் கதவு போட்ட தட்டில் பூட்டி வைப்பது எல்லாம் அதன் ஆயுளைக் குறைக்கும். ஸ்டாண்ட்பையில் எச்.டி.எம்.ஐ. பாஸ்த்ரூ ஓடிக்கொண்டிருந்தால் இரவிலும் உள்ளே இளஞ்சூடு இருக்கும், அந்தச் சூடு பல்லிக்குப் பிடிக்கும். சர்வீஸ் கடையில் ஓர் அண்ணன் திறந்து காட்டிய ரிசீவரில் டிரான்சிஸ்டர் கால்களுக்கு நடுவே ஒன்று கருகி ஒட்டியிருந்தது. "மாசத்துக்கு ரெண்டு வரும் தம்பி" என்றார். படுக்கப் போகும்போது சுவரில் சுவிட்சை அணைத்துவிடுவதுதான் அதற்கு மருந்து.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லிவிட்டால் விலை குறையுமே என்று தோன்றும். அங்கே விற்கும் ரிசீவர் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கு மட்டுமானது. நம் 230-இல் நேராகச் செருகினால் ஒரு முறைதான் ஆன் ஆகும். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட வேண்டும், அதற்கு ஓர் இடம் வேண்டும், வாரண்டியும் கிடையாது. துபாய், சிங்கப்பூர் சரக்கில் வோல்ட்டேஜ் சிக்கல் இல்லை.

புதிதாக 30,000 போடுவதற்கு, அதே காசில் சில வருடம் பழைய நடுத்தர மாடல் கிடைத்தால் நான் பழையதைத்தான் எடுப்பேன். ஏழெட்டுக் கிலோவுக்குப் பதில் பத்துப் பன்னிரண்டு கிலோ என்றால் அந்த எடை பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட்சிங்கும்தான். 4கே படத்தை ரிசீவர் வழியாகவே அனுப்பப் போகிறீர்கள் என்றால் எச்.டி.சி.பி. 2.2 (4கே படத்துக்கான காப்பித் தடுப்புப் பூட்டு) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மிகப் பழைய மாடல்களில் இருக்காது. ஆப்டிகல் போதும் என்கிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. விற்பவர் வீட்டுக்கே போய், ஒவ்வொரு எச்.டி.எம்.ஐ. போர்ட்டிலும் படம் வருகிறதா, ஐந்து சேனலிலும் டெஸ்ட் டோன் வருகிறதா, வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரமாவது சத்தமாக ஓட்டச் சொல்லுங்கள். மைக்கும் கூட வர வேண்டும். ஒரு கம்பெனி மைக்கை இன்னொரு கம்பெனி ரிசீவரில் மாட்டினால் அளவு சரியாக வராது. "மைக் எங்கயோ இருக்கு, தேடித் தர்றேன் சார்" என்றால், தேடிக் கிடைத்த பிறகு பாக்கிப் பணத்தைத் தருவதாகச் சொல்லுங்கள்.